தறிச் சத்தத்தில் மூழ்கிய பேட்டி: சரிசெய்த விதம்

கோவை பக்கம் சோமனூர் விசைத்தறிகளைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படம். முதல் முன்னோட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வந்த பதில்: "தறிச் சத்தந்தாங்க கேக்குது, பேச்சு ஒண்ணும் புரியலீங்க." காலர் மைக் மாட்டியிருந்தும் பயனில்லை. ஓடும் தறிக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தக் கத்தலை எந்த மென்பொருளும் இயல்பான பேச்சாக்காது.

தீர்வு கிடைத்தது மின்தடை அறிவிப்பில். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பகுதிகளின் பட்டியல் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அன்று தறிகள் நிற்கும், ஆட்களுக்கும் பேச நேரமிருக்கும். பேட்டிகளை அந்த நாளுக்கு மாற்றினேன். விளக்கு எரியாது என்பதால் ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். பேட்டரிகளை முந்தைய இரவே சார்ஜ் போட்டுவிட வேண்டும். தறி ஓடும் சத்தத்தை வேறொரு நாளில் 2 நிமிடம் தனியாகப் பதிந்து, பேச்சைவிட 20 டெசிபல் குறைவாக அடியில் சேர்த்தேன். இது இல்லாவிட்டால் காட்சி செத்துக் கிடக்கும்.

தறி ஓடும் காட்சிகளில் இன்னொரு தொல்லை, டியூப்லைட் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் கேமராவில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி என வைத்ததும் நின்றது. 1/60 வைத்தால் படத்தில் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும்.

புது முன்னோட்டம் 60 நொடி, செங்குத்து வடிவம், பேச்சை எழுத்தாகப் படத்திலேயே பதித்தது. பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படத்தின் தரத்தை நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.