வெயிலைப் பார்த்து வண்டியை எடுங்கள்: நெல்லைச் சீமைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் என் போனில் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, மே மாசம் ஊருக்கு வாறோம். பிள்ளைய அஞ்சு பேரு. பக்கத்துல தீம் பார்க் ஏதும் இருக்கா?" சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ பேசுவார்கள். அந்த 'வாறோம்' ஒன்றுதான் இன்னும் நம்ம ஊராக இருக்கும்.

பாளையங்கோட்டையில் 19 வருஷமாக வேன் ஓட்டுகிறேன். தீம் பார்க்குக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட், சாப்பாடு தனி, பெட்டி வைக்கிற அறைக்குத் தனி. மத்தியானம் இரண்டு மணிக்குச் சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று குதித்து ஓடும். அதுவும் ஒரு சந்தோஷம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சறுக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 600 கிலோமீட்டர் வந்து அதில் ஏறி இறங்க வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊருக்குப் போகலாம் என்று பட்டியல் போடாதீர்கள். எந்த நேரத்தில் வெயிலில் நிற்கலாம், எந்த நேரத்தில் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நாளைப் பிரித்துக்கொண்டு, அதற்குள் ஊரைச் செருகுங்கள். விடிந்ததில் இருந்து பத்து மணி வரை வெட்டவெளி. பத்தில் இருந்து நாலு வரை நிழல், கூரை, சாப்பாடு, தூக்கம். நாலுக்கு மேல் தண்ணீர், இருட்டினால் தெரு. அக்கினி நட்சத்திரத்தில் இங்கே வெயில் நாற்பதைத் தொடும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வோம், பிள்ளைகள் அழும். அழுகிற பிள்ளைக்கு எந்தச் சிற்பமும் கண்ணில் படாது.

ஒரு குடும்பம் ஒரே நாளில் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி நாலையும் முடித்தாக வேண்டும் என்று நின்றது. முடித்தோம். உவரிக்கு முன்னால் ஒன்று வாந்தி, பின்னால் இன்னொன்று. ராத்திரி வாசலில் இறக்கிவிடும்போது ஆச்சி பேரனைப் பிடித்து, "என்னல பாத்த?" என்றாள். "வேன்ல டிவி பாத்தேன் ஆச்சி" என்றான். அன்றைக்கு வாங்கிய வாடகை எனக்கே உறுத்தியது. அதில் இருந்து ஒரு நாளைக்கு ஒரு திசை என்று நானே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் என் முதல் சிபாரிசு பனைக்கு அடியில். நாங்குநேரி, திசையன்விளை, உடன்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கோடையில் பதநீர் உண்டு. மரத்தில் கட்டியிருக்கிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அதனால்தான் புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. அப்படியும் வெயில் ஏறினால் ருசி மாறிவிடும். ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பனையேறி இடுப்பில் அரிவாள் பெட்டியோடு மரத்தில் இருந்து இறங்குகிறதைப் பார்த்த பிள்ளை அப்புறம் கயிறு கட்டி ஏறுகிற விளையாட்டை விளையாட்டென்றே சொல்லாது.

பதநீரை டம்ளரில் கேட்காதீர்கள். குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார்கள், இரண்டு கையிலும் ஏந்தி வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். நுங்கை அதிலேயே நோண்டிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு அரைப் பட்டை போதும், பழக்கமில்லாத வயிறு கலக்கிவிடும். வண்டியில் இருக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

குடித்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், அங்கேதான் பொம்மைக்கடை. நோண்டிய நுங்குக் காய் ஒரே அளவில் இரண்டு எடுங்கள். ஒரு சாண் குச்சியை இரண்டுக்கும் நடுவில் செருகினால் அச்சு. ஆளுயரக் கம்பு ஒன்று, நுனியில் கவட்டை இருக்கிற மாதிரி ஒடித்து, அந்தக் கவட்டையை அச்சில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். முதலில் கோணிக்கொண்டுதான் போகும், ஒரு காய் பெரிதாக இருந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். அதைச் சரி பண்ணுகிறேன் என்று போன வருஷம் ஒரு அப்பா, பெரிய கம்பெனியில் இன்ஜினியராம், முக்கால் மணி நேரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அவரை விட்டுவிட்டுப் பனந்தோப்பு விளைக்குள் ஓடிவிட்டன.

பக்கத்திலேயே கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை, விடிலி என்போம், இருந்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அகலமான வட்டையில் பதநீர் கொதித்துக் கொதித்துப் பாகாகும், அதைச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். கருப்பட்டி ஏன் அரை உருண்டையாக இருக்கிறதென்று அங்கே தெரியும். அடுப்புச் சூடு கடுமை, கைக்குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். அங்கேயே ஒரு கிலோ வாங்கிவிட்டு வாருங்கள், வேடிக்கை பார்த்த கூலி அது.

இன்னொரு காலைக்குக் கூந்தன்குளம். நாங்குநேரித் தாலுகாவில் இருக்கிற சின்ன ஊர், 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் பலகையில் போட்டிருக்கிற அதெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளை வைத்துக் காப்பாற்றினார்கள். மஞ்சள் மூக்கு நாரை குளத்தில் மட்டுமில்லை, வீட்டுப் புறக்கடை மரத்திலும் தெருவோர மரத்திலும் கூடு கட்டியிருக்கும். எச்சம் விழுந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறவர்களும் அங்கே உண்டு. ஜனவரி முதல் மே வரை போகலாம், கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்தான் நல்லது. மே மாதம் வந்தால் வளர்ந்த குஞ்சுகள் கத்துகிற சத்தமும் வாடையும் கிடைக்கும். "நாறுது" என்று மூக்கைப் பொத்துகிற பிள்ளை பத்து நிமிஷத்தில் கையை எடுத்துவிடும். வண்டியில் பாட்டை மட்டும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நெல்லையில் இருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 12 கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம். கோவில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஆயிரம் சிலை பார்க்க வேண்டாம். குறவன் ஒருவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அவன் ஒருத்தன் போதும். "இவனை யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், கதையைப் பிள்ளைகளே கட்டிக்கொள்ளும். அதே சாலையில் இன்னும் அவ்வளவு தூரம் போனால் ஆதிச்சநல்லூர், தூத்துக்குடி மாவட்டம். 1876இல் ஜாகோர் என்கிற ஜெர்மன்காரர் தோண்டினார், பிறகு 1899இல் இருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ. இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழி, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை. ஒரு ஏழு வயசுக்காரி கண்ணாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இதுக்குள்ள ஆளு எப்படி உக்காரும் மாமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை, இருவரும் படுத்துப் பார்த்தோம்.

பத்து மணிக்கு மேல் என்ன செய்வது? கையால் செய்கிற வேலை இருக்கிற வீடுகளுக்குப் போங்கள். பத்தமடை, காருகுறிச்சி, அம்பாசமுத்திரம் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன்: காருகுறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் வேன் வேண்டாம். செங்கோட்டை பாசஞ்சரில் போங்கள். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நின்று நின்று போகும், ஜன்னலில் வயலும் பின்னால் மலையும் வரும். டிக்கெட் விலை டீ விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காருகுறிச்சியில் சக்கரத்தில் பானை வனைகிறதைப் பார்க்கலாம், கேட்டால் பிள்ளை கையில் ஒரு உருண்டை மண் கிடைக்கும். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு சாமான் வாங்கலாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அது பெரியவர்களுக்கு.

பத்தமடைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். கோரைப்பாய்தான், ஆனால் நம் வீட்டில் விரிக்கிற பாய் இல்லை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, கத்தியால் கீறி, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறி. தறி தரையோடு தரையாக இருக்கும். நான் கூட்டிப்போன வீட்டில் ஒரு வயசான அம்மா ஒவ்வொரு இழையாகக் கோத்து அச்சை இழுத்து அடித்தார். பத்து நிமிஷத்தில் பாய் வளர்ந்தது ஒரு விரல் அகலம்கூட இருக்காது. பத்து வயசுப் பையன் ஒருத்தன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான், போனைக் கேட்கவில்லை. "தொட்டுப் பாரு வாப்பா, கடிக்காது" என்றார். பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்து அவன் கையில் வைத்தார். அப்புறம் அவன் இழையை எண்ண ஆரம்பித்துவிட்டான். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பாய் என்பதை அவன் அப்பாதான் போனில் தேடி வாசித்தார், பையன் காதில் அது ஏறவில்லை.

இங்கே சில மரியாதை உண்டு. அது கடையில்லை, வீடு. வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம், அன்றைக்கு வேண்டாம். பெரிய பாய் வாங்க வசதியில்லாவிட்டால் ஒரு விசிறியாவது வாங்குங்கள். பேரம் பேசுகிறவர்களை நான் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெளியே போகவே முடியாத வெயிலென்றால் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அல்லது வீட்டிலேயே ஆச்சியிடம் பிள்ளைகளை ஒப்படையுங்கள். உளுந்தஞ்சோறுக்கு எள்ளுத் துவையலை அம்மியில் அரைக்கச் சொன்னால் ஒரு மத்தியானம் ஓடிவிடும். அரைக்கிறது பாதி, அம்மியைச் சுற்றிச் சிந்துகிறது பாதி.

இனி தண்ணீர். குற்றாலம், குற்றாலம் என்று மே மாதம் கேட்பார்கள். சாரல் ஜூனில்தான் தொடங்கும், மே மாதம் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். கோடை மழை பெய்தால் ஆபத்து வேறு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவியில் கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை பெய்யும். போலீஸ்காரர் விசில் ஊதினால் "இன்னும் ஒரு முக்கு" என்று பேசாமல் ஏறி வாருங்கள். கோடைக்குப் பாபநாசம் பக்கம் அகத்தியர் அருவி தேவலை. வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை எதுவும் விடமாட்டார்கள், குரங்கு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சில நாள் அருவியை மூடியும் வைப்பார்கள், முந்தின நாளே விசாரியுங்கள்.

எனக்குப் பிடித்தது பாபநாசம் கோவில் படித்துறைதான். சாயங்காலம் பொரி வாங்கிப் போட்டால் மீன் மொய்க்கும், முட்டியளவு தண்ணீரில் நின்றாலே காலைக் கடிக்கும். சின்னதுகளுக்கு இதைவிட வேறு விளையாட்டு வேண்டாம். காலுக்குக் கீழே மட்டும் கவனம். பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போன பழைய துணி பாறையில் சிக்கிக் கிடக்கும், பிள்ளை கால் மாட்டும். தாமிரபரணியில் எந்த ஊர்ப் படித்துறையிலும் துணி துவைக்கிற அக்காவிடம் கேட்காமல் இறங்காதீர்கள். எங்கே ஆழமான கயம், எங்கே மணல் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறுகிறதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இருட்டினதும் டவுன். நெல்லையப்பர் கோவிலுக்குள் ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னத் தூண்களும் செதுக்கியிருக்கிறார்கள், இசைத்தூண். தட்ட விடமாட்டார்கள், காதை வைத்துப் பார்க்கலாம். காந்திமதி யானையைப் பிள்ளைகள் கேட்கும். 2025 ஜனவரியில் செத்துப்போய்விட்டது என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அழுகை. வெளியே வந்தால் கீழரத வீதியில் அல்வா வரிசை. அதில் இருட்டுக்கடையைச் சாயங்காலம்தான் திறப்பார்கள். சூடாக இலையில் வாங்கி நின்றே தின்னுங்கள், ஊருக்குக் கட்டிக்கொண்டு போகிறது இரண்டாம்பட்சம்.

வண்டிக்கு நீங்கள் கொண்டுவர வேண்டியது: 20 லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், ஆளுக்கு இரண்டு துண்டு, ஜன்னலுக்குக் கட்ட ஒரு பழைய சேலை, எலுமிச்சம்பழம். புளியோதரை வேண்டாம், தாகம் எடுக்கும், தயிர்சாதம் போதும். வாந்தி எடுக்கிற பிள்ளை எனக்குப் பக்கத்தில், முன்சீட்டில். கழிப்பறை எல்லா இடத்திலும் நன்றாக இருக்கும் என்று பொய் சொல்லமாட்டேன், பெட்ரோல் பங்க் வரும்போதெல்லாம் நிறுத்துகிறேன், வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரும் இறங்குங்கள்.

பனைக்குப் போகிற நாளில் அஞ்சு மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்காமல் நிற்பேன். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி அழவைக்காதீர்கள். போர்வையோடு தூக்கி வந்து சீட்டில் போட்டுவிடுங்கள், பல்லை விளையிலே தேய்த்துக்கொள்ளலாம்.