டிங்கிள் நடைப்பாதை: கிலோமீட்டரை மட்டும் எண்ணிக் கிளம்பாதீர்கள்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது டிங்கிள் தீபகற்பம். அதைச் சுற்றிவரும் நடைப்பாதையின் பெயர் டிங்கிள் வே. டிராலி என்ற ஊரில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். மொத்தம் ஏறத்தாழ 180 கி.மீ. வழக்கமாக இதை எட்டு நாளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 22, 23 கி.மீ. தினமும் காலையில் நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு, "இது நம்மால் முடியும்" என்று உடனே தோன்றிவிடும்.

முடியும்தான். ஆனால் அந்த வகுத்தல் கணக்கில் காற்று இல்லை, சதுப்பு நிலம் இல்லை, மேகம் இறங்கி மூடிக்கொண்ட மலை இல்லை. அங்கே நடையைக் கெடுக்கிற தவறுகளில் பாதிக்கு மேல், நாட்களை இப்படி இறுக்கிக் கட்டி வைப்பதிலிருந்தே பிறக்கின்றன.

எட்டு நாளையும் எட்டு நடையால் நிரப்புவது

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மழை எந்த மாதத்திலும் வரும். மே, ஜூன் மாதங்களில் கொஞ்சம் குறைவு, வெயிலும் அதிகம், செப்டம்பரும் பரவாயில்லை. ஜூன் நடுவில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், மெதுவாக நடப்பவர்களும் பதறாமல் போகலாம். டிசம்பரிலோ மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். தங்கும் வீடுகளிலும் பல குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். காற்று அடங்கிய ஈரமான மாலைகளில் மிட்ஜ் எனப்படும் பொடிக்கொசு மொய்க்கும்.

எந்த மாதம் போனாலும் ஒரு நாளையாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு அவ்வளவுதான், எட்டு நாளைத் தாண்ட முடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. டிராலிக்கும் கேம்ப் என்ற சிற்றூருக்கும் இடையிலான பகுதியில் இந்தப் பாதை இரண்டு முறை போகிறது: முதல் நாள் ஒரு முறை, கடைசி நாள் திரும்பி வரும்போது இன்னொரு முறை. டிராலியிலிருந்து டிங்கிள் நகருக்குப் போகும் பேருந்து கேம்ப் வழியாகவே போகிறது. அதில் ஏறி கேம்பில் இறங்கி நடையைத் தொடங்கினால், புதிதாக எதையும் இழக்காமல் ஒரு நாள் மிச்சமாகும். "முழுப் பாதையையும் நடந்தேன்" என்று சொல்ல முடியாதே என்று சிலர் தயங்குவார்கள். அந்த மிச்ச நாள் பிராண்டன் மலைக்கு முன்னால் கையில் இருப்பதுதான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து.

பிராண்டன் மலையை இன்னொரு நடை நாளாக நினைப்பது

பிராண்டன் மலையின் உயரம் 952 மீட்டர். டிங்கிள் வே அதன் உச்சிக்குப் போவதில்லை. உச்சிக்கு வடக்கே, மாசாடியம்பன் என்ற சிகரத்தை ஒட்டிய கணவாய் வழியாக மலையைக் கடக்கிறது. அந்தக் கணவாயே சுமார் 650 மீட்டர் உயரம். ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து ஏறி, மறுபுறம் மீண்டும் கடல் மட்டத்துக்கு இறங்கி, க்ளோஹேன் என்ற ஊரைப் போய்ச் சேர வேண்டும். எங்கே தங்கியிருந்தீர்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறினாலும் 20 கி.மீ.க்குக் குறையாது.

மலை நடைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அப்புறம் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி இந்த நாளுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம் போதும் என்று வரும். அது நல்ல உடல்தகுதி உள்ளவர் காய்ந்த தரையில் நிற்காமல் நடக்கும் கணக்கு. இங்கே ஏறும் பக்கம் ஊறிப்போன புல்தரை, இறங்கும் பக்கம் செங்குத்து, வழுக்கல். நின்று மூச்சு வாங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கால் புதைந்தால் சுற்றிப்போக வேண்டும். எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெரிய ஆபத்து மேகம். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பத்தடி தூரம்கூடத் தெரியாமல் போகலாம். முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரனின் முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை எவ்வளவு என்பதை விடக் காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். மழையில் நடந்துவிடலாம், கணவாயில் பலமான காற்று ஆளையே தள்ளிவிடும். தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். அவர் அந்த மலையைத் தினமும் பார்ப்பவர். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் போகாதீர்கள். மிச்சம் பிடித்த நாள் இதற்குத்தான். அதுவும் கையில் இல்லையென்றால் டாக்சி பிடித்து, டிங்கிள் வழியாகக் கோனர் கணவாயைத் தாண்டி மறுபக்கம் போய்விடலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

கணவாய்க்கு வந்தவர்களில் சிலர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியையும் பார்த்துவிடுவோம்" என்று தெற்கே முகடு வழியாகத் திரும்புகிறார்கள். அது தனியாக ஒரு நாள் வேலை. மலையின் கிழக்குப் பக்கம் பாறைச் சரிவுகள் நேராகக் கீழே இறங்குகின்றன; மேகம் மூடினால் விளிம்பு எங்கே என்று தெரியாது. கணவாயில் ஓகம் என்ற பண்டைய ஐரிஷ் எழுத்து பொறித்த பழங்கல் ஒன்று நிற்கிறது. அதை நின்று நிதானமாகப் பாருங்கள், பிறகு இறங்குங்கள்.

பாதை நெடுக, கறுப்புக் கம்பங்களில் மஞ்சள் நிற நடைமனிதன் உருவமும் அம்புக்குறியும் இருக்கும். மூடுபனியில் ஒரு கம்பத்தை விட்டு நகர்வதற்கு முன் அடுத்தது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். இருவராகப் போனால் ஒருவர் கம்பத்தடியில் நிற்க, மற்றவர் முன்னே போய்ப் பார்க்கலாம்.

குடையும் ஜீன்ஸும்

குடை அங்கே உதவாது. முதல் கடற்காற்றிலேயே மடங்கிவிடும். போர்த்திக்கொள்ளும் பாஞ்சோவும் அப்படித்தான். காற்றில் பறந்து முகத்தை மூடும், விளிம்புப் பாதையில் அது ஆபத்து. தொப்பியோடு சேர்ந்த மழைச்சட்டை, மேலே மாட்டிக்கொள்ளும் மழைக் கால்சட்டை இரண்டும் வேண்டும். சட்டையை மட்டும் வாங்கிவிட்டுக் கால்சட்டையை விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கவாட்டில் அடிக்கும், இடுப்பு வரை வளர்ந்த பெரணியிலிருந்தும் நனைக்கும்.

ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்த பருத்தி அந்தக் குளிர்ந்த ஈரக்காற்றில் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜூன் மாதத்திலும்கூட நனைந்த உடம்போடு மலையில் உட்கார்ந்திருந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணிதான் சரி. பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பாதீர்கள், காற்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும். துணிகளைப் பைக்குள் நீர் புகாத உறைகளில் கட்டி வையுங்கள்.

காலணி விஷயத்தில், பயணத்துக்கென்று புதிதாக வாங்கி அப்படியே போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் பெரிய தவறு. கணுக்கால் வரை வரும் பூட்ஸை இரண்டு மாதம் முன்பே வாங்கி, வீட்டுப் பக்கம் நடந்து பழக்குங்கள். பாதத்தில் எங்கேயாவது சூடாக உரசுவது போலத் தோன்றினால் அந்த நிமிடமே நின்று, காலுறையைக் கழற்றி பிளாஸ்டர் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் கொப்புளம் வந்துவிடும். அதோடு ஐந்தாறு நாள் நடப்பது பெரிய வேதனை. மாலையில் கால் மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

பெட்டியை அடுத்த ஊருக்கு வண்டியில் கொண்டுபோய் வைக்கும் சேவை இந்தப் பாதையில் எளிதாகக் கிடைக்கிறது. முதுகில் பதினைந்து கிலோ இருப்பதற்கும், தண்ணீரும் சாப்பாடும் மழைத்துணியும் மட்டும் இருப்பதற்கும் பிராண்டன் ஏற்றத்தில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. முடிந்தவர்கள் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

விளிம்பு, அலை, சாலை

செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் புல் வளர்ந்திருக்கும். அதற்குக் கீழே பாறை இருக்கிறது என்று நம்பி நிற்காதீர்கள். பல இடங்களில் அடிப்பகுதியைக் கடல் அரித்திருக்கும். இங்கிருந்து வடக்கே கிளேர் மாவட்டத்தில் உள்ள மோஹர் பாறைகள் 214 மீட்டர் வரை உயர்ந்தவை. அங்கே விளிம்பை ஒட்டிய நடைப்பாதையின் பெரும் பகுதியை 2024-ல் பாதுகாப்புக் காரணத்துக்காக மூடினார்கள். அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாமல், எந்தப் பாதையாக இருந்தாலும் அதன் தற்போதைய நிலையைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லே முனைக்கு அருகில் கூமீநூல் என்ற சிறிய மணற்கரை இருக்கிறது. நடந்து களைத்து வருபவர்களை அது வா என்று அழைக்கும், அவ்வளவு அழகு. அங்கே நீருக்குள் இறங்க வேண்டாம், இழுப்பு மிகவும் பலம். நீந்த ஆசையென்றால், கோடைக்காலத்தில் உயிர்காப்பாளர் இருக்கும் இன்ச் போன்ற கடற்கரையில், அவர் பணியில் இருக்கும் நேரத்தில் இறங்குங்கள்.

மணலில் நீண்ட தூரம் போகும் நாட்களும் உண்டு. க்ளோஹேனிலிருந்து காசில்கிரெகரி போகிற நாள் முக்கியமாக அப்படி. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் மேல்பக்கத்து உதிரி மணலில்தான் நடக்க வேண்டியிருக்கும், கெண்டைக்கால் கடுத்துப்போகும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடிந்திருக்கும் நேரத்தில் ஈர மணலில் நடந்தால் அதே தூரம் எளிதாகிவிடும்.

தார்ச்சாலையில் போகும் பகுதிகளில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் போலவே அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான். சாலைகள் குறுகல், வளைவுகள் அதிகம். பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது அணிந்திருப்பது நல்லது.

நிலம் யாருடையது?

பாதை பல இடங்களில் விவசாயிகளின் சொந்த நிலத்தில்தான் போகிறது. ஸ்காட்லாந்தில் இருப்பது போல எங்கே வேண்டுமானாலும் நடக்கும் சட்ட உரிமை அயர்லாந்தில் கிடையாது. அவர்கள் அனுமதிப்பதால்தான் நாம் நடக்கிறோம். நீங்கள் திறந்த கேட்டை மறக்காமல் மூடுங்கள். செம்மறிகள் சாலைக்குப் போய்விட்டால் நஷ்டம் அவர்களுக்கு. கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே புகாதீர்கள், சுற்றிப் போங்கள். அழகான இடமாக இருக்கிறதே என்று கூடாரம் அடிப்பதும் தவறு, நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

படுக்கை, சாப்பாடு

டிங்கிள் நகரில் தங்குமிடம் நிறைய உண்டு. தீபகற்பத்தின் மேற்கு முனையில் உள்ள டன்குவின் பக்கம் மிகக் குறைவு. ஆகவே முதலில் டன்குவினுக்கும் க்ளோஹேனுக்கும் பதிவு செய்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற நாட்களை அமைப்பதே புத்திசாலித்தனம். சிற்றூர்களில் மாலை ஒன்பது மணியளவில் பப் சமையலறைகள் மூடிவிடும், சில இடங்களில் அதற்கு முன்பே. நடுவழியில் கடையும் இருக்காது. மதியச் சாப்பாட்டைக் கட்டித் தர முடியுமா என்று முந்தைய இரவே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கொஞ்சம் பணத்தை யூரோ நோட்டாக வைத்திருங்கள்.

சைவ உணவு சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். காலை உணவில் தட்டில் வரும் கறுப்பு புட்டிங் விலங்கு இரத்தம் சேர்த்துச் செய்தது. வெள்ளை புட்டிங்கில் இரத்தம் இல்லை, ஆனால் பன்றி இறைச்சி உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாற்றில் வேகவைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்ஸ் கஞ்சி, சோடா ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, முட்டை, சீஸ் எங்கும் கிடைக்கும். நடக்க அது போதும்.

டன்குவினிலிருந்து பெரிய பிளாஸ்கெட் தீவுக்குப் படகு போகிறது. 1953-ல் கடைசி மக்களும் வெளியேறிய தீவு அது. கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் அலை அதிகமென்றால் படகு கிளம்பாது. அதை நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். காலி நாள் அங்கே அமைந்து, கடலும் அடங்கியிருந்தால் போய்வாருங்கள். இல்லையென்றால் கரையிலேயே பிளாஸ்கெட் மையம் இருக்கிறது, தீவு வாழ்க்கையை நன்றாக விளக்கியிருக்கிறார்கள்.

கைபேசி, வரைபடம், விசா

டிங்கிளுக்கு மேற்கே ஐரிஷ் மொழி பேசும் பகுதி. வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் ஐரிஷில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலை மறைவில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைப்பதோடு, டிஸ்கவரி வரிசையின் 70, 71 எண் காகித வரைபடங்களையும் வாங்குங்கள். ஆபத்து நேர்ந்தால் 112 அல்லது 999 அழைத்து, மலையில் என்றால் மலை மீட்புக் குழுவையும், கடலோரம் என்றால் கடலோரக் காவல் படையையும் கேளுங்கள்.

ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று நினைத்துப் பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் வட்டத்தில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பிரிட்டன் விசா ஒன்றிலேயே அயர்லாந்துக்கும் போக வழிசெய்யும் ஒரு கூட்டுத் திட்டம் உண்டு. விசாவில் அதற்கான குறி இருக்க வேண்டும், விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது பொருந்தாது. அப்புறம், வட அயர்லாந்தின் காஸ்வே கடற்கரையையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கவனிக்க: எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் அது பிரிட்டன், அதற்குரிய விசா கையில் இருந்தாக வேண்டும்.

திரும்பும் விமானத்தைக் கடைசி நடைநாள் இரவுக்கு வைக்காதீர்கள். டிராலியிலிருந்து டப்ளினுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், பெரும்பாலும் மாலோவில் வண்டி மாற வேண்டும். அந்த இரவு டிராலியில் தங்கி, துணிகளைக் காயவைத்து, மறுநாள் காலை ரயிலைப் பிடியுங்கள்.