கேரவன் ஜாக்கியில் பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

நிறுத்திய கேரவன் சாயாமல் சமமாக நிற்க, ஆயில் பிரஷரில் அடியில் இறங்கும் நாலு கால்கள்தான் ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கி. அதில் ஒரே மாதிரியான கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சென்னையில் வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் நிற்கும் ஷூட்டிங் கேரவன்களிலும் சரி, சொந்தமாக மோட்டார் ஹோம் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் கிளம்பும் குடும்பங்களிடமும் சரி. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறையில் என்னென்ன செய்தோமோ, அதையேதான் இப்போது வரும் பையன்களும் செய்கிறார்கள். ஜாக்கியைத் தூக்காமல் வண்டியை எடுப்பது, ஹேண்ட்பிரேக் போடாமல் இறக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சொல்லப் போவதில்லை.

குறைந்த ஆயிலுக்குக் கையில் கிடைத்ததை ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு மழைக்காலத்தில் கோவளம் பக்கமிருந்து ஒரு கேரவன் வந்தது. நாலு காலும் ஒழுங்காக இறங்குகிறது, ஆனால் மேலே ஏறவில்லை. இரண்டு கால்களின் ராடுகள் பாதியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. வேறொரு இடத்தில் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பம்பும் மாட்டியிருந்தார்கள். நான் பார்த்தது டேங்க் மூடியைத்தான். மூடியைச் சுற்றி பெயிண்ட் கொப்பளித்திருந்தது, நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது. பெயிண்டை அப்படி உரிப்பது பிரேக் ஆயில். ஹெல்பர் தம்பியைக் கேட்டேன். "ஆமாண்ணா, லெவல் கம்மியா இருந்துச்சு, ஊத்தினேன். பிரேக்கும் ஹைட்ராலிக்தானே?" என்றான்.

பிரேக்கும் ஹைட்ராலிக்தான். ஆனால் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அதற்கென்று வேறு ரப்பரில் செய்த சீல்களைப் பிரேக்கில் போடுகிறார்கள். ஜாக்கிக்குள் இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர் சீல், மினரல் ஆயிலுக்காக, அதாவது பெட்ரோலிய வகை ஆயிலுக்காகச் செய்தது. அதன் மேல் பிரேக் ஆயில் பட்டால் சீல் ஊறி, உப்பி, மெதுத்துப் போகும். உப்பிய சீல் ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பம்பின் பிரஷரில் கால் இறங்கிவிடும், திரும்ப இழுக்க ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது. அந்த வண்டியில் நடந்தது இதுதான். ஊற்றிய உடனே ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே ஓடும். அதனால்தான் பழி பம்பின் மேல் விழுகிறது.

சந்தேகம் வந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரில் டேங்க் ஆயிலை இரண்டு சொட்டு விடுங்கள். மினரல் ஆயில் மேலே மிதக்கும், பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். இரண்டும் கலந்திருக்கும் என்று தோன்றினால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு பாட்டிலில் ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். பிரேக் ஆயில் கனமானது, காலையில் தனியாக அடியில் தங்கியிருக்கும்.

ஊற்றியதும் தெரிந்துவிட்டதா? மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். பம்ப் ஓடாத வரை டேங்கைக் கழற்றிக் கழுவுவதோடு வேலை முடியும். ஓடிவிட்டதென்றால் ஹோஸ், சிலிண்டர், வால்வு பிளாக் எல்லாவற்றையும் வடித்து, நாலு சிலிண்டருக்கும் சீல் கிட், வால்வுக்கு ஓ-ரிங் என்று மாற்றியாக வேண்டும். உள்ளே அலசுவதற்கும் அந்த வண்டிக்குரிய ஆயில்தான், மண்ணெண்ணெய் கூடாது. எந்த ஆயில் என்பது டேங்க் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். வெளிநாட்டு செட்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் 3 ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், சிவப்பாக இருக்கும். உள்ளூர் பவர்பேக் (மோட்டார், பம்ப், டேங்க் சேர்ந்த செட்) என்றால் ஹைட்ராலிக் ஆயில், அதிலும் 32, 46, 68 என்று கிரேடு மாறும். ஜி.பி. ரோட்டில் எல்லாமே கிடைக்கும். என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

கால் இறங்கியிருக்கும்போது லெவல் பார்ப்பது

நாலு காலும் முழுக்க மேலே ஏறிய பிறகுதான் பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது குறைவாகத் தெரிகிறது என்று ஊற்றினால், தூக்கும்போது ஆயில் மூடி வழியாகப் பொங்கி வழியும்.

டெஃப்லான் டேப்

உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைக்கும் ஜே.ஐ.சி. ஃபிட்டிங்கில் வேண்டாம். டேப் பிசிறு வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கசிவைக் கையால் தடவித் தேடுவது

ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

மோட்டாரை உடனே மாற்றுவது

சுவிட்சை அழுத்தினால் டிக் டிக் என்கிறது, மோட்டார் முக்குகிறது. பெரும்பாலும் மோட்டார் மேல் தப்பில்லை. 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டார் இது. கடற்காற்றிலும் மழைத் தண்ணீரிலும் எர்த் கேபிள் முனையில் பச்சை பூத்திருந்தால் கரண்ட் போகாது. மல்டிமீட்டரை மோட்டார் முனையிலேயே வைத்து, மோட்டார் ஓடும்போது பாருங்கள். பேட்டரியில் 12க்கு மேல் காட்டி, மோட்டாரில் 9 காட்டினால் கேபிள், எர்த், ரிலே இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. அப்புறம், ஜாக்கி போடும்போது இன்ஜின் ஓடட்டும்.

ராடை இறக்கியபடியே வாரக்கணக்கில் விடுவது

உப்புக் காற்று குரோமைக் குழி குழியாகத் தின்னும். அந்தக் குழி ஒவ்வொரு முறை ஏறும்போதும் சீலை அறுக்கும். ஜாக்கிக்கு ஊற்றும் அதே ஆயிலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தூக்குங்கள். கிரீஸ் தடவினால் மணல் ஒட்டும், எமரி ஷீட் போட்டால் குரோம் போகும். நகத்தை ராடின் மேல் ஓட்டிப் பாருங்கள். தட்டினால் ஹார்டு குரோம் போட வேண்டும், இல்லையென்றால் புது ராடு. சீல் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பலகை இல்லாமல் இறக்குவது

மே மாத வெயிலில் தார் இளகும், மணலில் தட்டு புதையும். ஒவ்வொரு காலுக்கும் கெட்டியான மரப் பலகை வேண்டும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பவே கூடாது, ஹேண்ட்பிரேக் பிடிப்பது அதைத்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது

கூடாது. ஸ்டாண்ட் போடுங்கள்.

ராத்திரி ஒரு பக்கம் சாய்ந்தால் பயப்படுவது

பகல் சூட்டில் விரிந்த ஆயில் இரவில் சுருங்கும், வண்டி லேசாக இறங்கும். அது கோளாறு இல்லை. தினமும் ஒரே கால் மட்டும் இறங்கினால்தான் கவனிக்க வேண்டும். வெளியே ஆயில் ஈரம் இல்லையென்றால் பெரும்பாலும் அந்தக் காலின் வால்வு உள்ளே கசியவிடுகிறது என்று அர்த்தம். நாலு காலையும் தூக்கி, பிரஷர் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த வால்வை, அதே மாதிரி வால்வு உள்ள பக்கத்துக் காலின் வால்வோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் அந்தக் காலுக்குப் போனால் வால்வைக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். பழைய காலிலேயே நின்றால் அந்த சிலிண்டரைக் கழற்றுங்கள்.