கொலம்போ சீரிஸ்ல பெஸ்ட் ரைட்டர் யாருன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துட்டு வாங்க

'கொலம்போ'ங்கற அமெரிக்க டிடெக்டிவ் டிவி சீரிஸோட ரசிகருங்க ரெண்டு பேர் ஒண்ணா உக்காந்தா பத்து நிமிஷத்துல இந்தப் பேச்சு வந்துடும், எழுதுனவங்கள்ல யாரு டாப்புன்னு. ஒருத்தர் ஸ்டீவன் பாச்கோம்பாரு, இன்னொருத்தர் ஜாக்சன் கில்லிஸ்ம்பாரு, மூணாவது ஆளு வந்து பீட்டர் எஸ். ஃபிஷருக்கு முன்னாடி யாரும் நிக்க முடியாதும்பாரு. நல்ல சண்டைதான், எனக்கும் ரொம்பப் பிடிச்ச சண்டை. ஆனா முக்காவாசி நேரம் நாம பிடிச்ச எபிசோடைத்தான் சொல்றோம், பிடிச்ச ரைட்டரை இல்ல. ரெண்டும் வேற வேற. பல வருஷமா திருப்பித் திருப்பி பாத்ததுல எனக்குன்னு ஒரு முறை செட் ஆயிருக்கு, அதை அப்படியே சொல்றேன். நிறைய எபிசோடோட க்ளைமாக்ஸை உடைக்காம இதைப் பேசவே முடியாது, அதனால இன்னும் பாக்காதவங்க முதல்ல பாத்துட்டு வந்துடுங்க.

முதல்ல இந்த சீரிஸ்ல ரைட்டரோட வேலை என்னன்னு புரிஞ்சுக்கணும். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க்னு ரெண்டு நண்பர்கள் உருவாக்குன போலீஸ் டிடெக்டிவ் கேரக்டர்தான் கொலம்போ. பீட்டர் ஃபால்க் கொலம்போவா நடிச்சு 1968ல ஒரு டிவி படம், 1971ல இன்னொண்ணு, அப்புறம் அதே 1971 செப்டம்பர்ல இருந்து 78 வரைக்கும் என்பிசி சேனல்ல சீரிஸ், பெரிய இடைவெளி விட்டு 1989ல இருந்து 2003 வரைக்கும் ஏபிசி சேனல்ல, எல்லாம் சேத்து 69 எபிசோட். கொலை யாரு பண்ணாங்கன்னு ஆரம்பத்துலயே காட்டிடுவாங்க. அப்ப ரைட்டருக்கு ஒளிச்சு வைக்க கொலைகாரன் இல்ல. கையில மிஞ்சுறது மூணே மூணு விஷயம்: பக்காவா தெரியற ஒரு கொலைத் திட்டம், நடுவுல கொலைகாரனும் கொலம்போவும் மோதிக்கிற பேச்சு, கடைசில கொலம்போ வைக்கிற பொறி. எந்த ரைட்டரை எடை போட்டாலும் இந்த மூணையும் தனித்தனியா போடுங்க, மொத்தமா "சூப்பர் எபிசோட்"னு போட்டா சண்டை முடியவே முடியாது.

அடுத்தது டைட்டில் கார்டு. தயவு செஞ்சு ஓட்டி விட்டுடாதீங்க, பாஸ் போட்டுப் படிங்க. "ரிட்டன் பை"னு ஒரே பேரு இருந்தா கதையும் அவரோடது, திரைக்கதையும் அவரோடது. "டெலிப்ளே பை"னு ஒரு பேரும் "ஸ்டோரி பை"னு இன்னொரு பேரும் இருந்தா அங்கதான் சிக்கல், ஏன்னா கொலையை யோசிச்சவர் ஒருத்தர், ஆளுங்களைப் பேச வச்சவர் இன்னொருத்தர்.

இதுக்கு நான் எப்பவும் காட்டுற உதாரணம் 1972ல வந்த "ப்ளூபிரிண்ட் ஃபார் மர்டர்". கட்டடத்தோட அஸ்திவாரத் தூணுக்குள்ளதான் பிணம் இருக்குன்னு கொலம்போ நம்புறாப்ல ஆர்க்கிடெக்ட் நடந்துக்குவான். இவரும் பெர்மிட் வாங்க ஆபீஸ் ஆபீஸா, ஜன்னல் ஜன்னலா க்யூல நின்னு, தூணைத் தோண்டி, எல்லார் முன்னாடியும் உள்ள ஒண்ணுமில்லாம நிப்பாரு. அன்னிக்கு ராத்திரி அவன் பிணத்தைக் கொண்டு வருவான் பாருங்க, ஒரு தடவை தேடுன இடத்தை மறுபடி யாரும் தேட மாட்டாங்கன்னு, அங்க போலீஸோட கொலம்போ காத்துட்டு இருப்பாரு. என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த சீரிஸ்லயும் முதல் அஞ்சு பொறில இது ஒண்ணு. பாச்கோ ரசிகருங்க இதை அவர் கணக்குல எழுதிடுவாங்க. ஆனா கார்டுல டெலிப்ளேதான் பாச்கோ, ஸ்டோரி வில்லியம் கெல்லி. அந்த க்யூ சீனோட வசனத்தை பாச்கோவுக்குக் குடுங்க, சந்தோஷமா குடுங்க, பொறியை மொத்தமா அவர் பேர்ல எழுதும்போது கொஞ்சம் நிதானமா எழுதுங்க.

இதே மாதிரி அநியாயமா மறக்கப்பட்ட ஒரு பேரு லாரி கோஹன். விவாதத்துல இவர் பேரு வரவே வராது, எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு. "எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்", "கேண்டிடேட் ஃபார் க்ரைம்", "ஆன் எக்சர்சைஸ் இன் ஃபேட்டாலிட்டி" மூணுக்கும் ஸ்டோரி அவரு, திரைக்கதை வேற வேற ஆளுங்க. மூணோட க்ளூவையும் வரிசையா வச்சுப் பாருங்க. முதல்ல, ஏசி ஓடாத நாள்ல சூடுல கெட்டுப்போன ஒயினை கொலைகாரனோட நாக்கே கண்டுபிடிச்சிடும். ரெண்டாவதுல, இப்பதான் என்னைச் சுட்டாங்கன்னு ஒரு அரசியல்வாதி கத்துவான், ஆனா அந்த குண்டை கொலம்போ அதுக்கு முன்னாடியே சுவத்துல இருந்து எடுத்து பாக்கெட்ல வச்சிருப்பாரு. மூணாவது ஷூ லேஸ், அதுக்கு அப்புறம் வரேன். மூணுமே கையால தொட்டுப் பாக்கற சாமான், மூணுமே ஒரே வாக்கியத்துல சொல்லிடலாம். மூணு வேற வேற டெலிப்ளே ஆளுங்க, இருந்தும் க்ளூ ஒரே ஜாதி. அப்ப அந்த மூளை யாரோடதுன்னு நீங்களே யோசிங்க.

மூணாவதா, டைரக்டரையும் நடிகரையும் பிரிச்சு எடுக்கணும், இதுதான் கஷ்டமான வேலை. "மர்டர் பை தி புக்" ஆரம்பத்துல இசையே இல்லாம டைப்ரைட்டர் சத்தம் மட்டும் வரும், கார் தெருவுல வந்துட்டு இருக்கும், உள்ள ஒருத்தர் டைப் அடிச்சுட்டு இருப்பாரு. எல்லாரும் மயங்குற சீன். எழுதுனது 27 வயசு பாச்கோ, எடுத்தது 24 வயசு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அந்த மயக்கத்துல பாதிக்கு மேல ஸ்பீல்பெர்க்குக்குப் போகணும்னு நான் நினைக்கிறேன். ஃபால்க் வேற ஸ்க்ரிப்ட்ல இல்லாததை திடீர்னு செய்வாரு, பென்சில் தேடுவாரு, எதிர்ல நிக்கற நடிகர் நிஜமாவே தடுமாறுவாரு. அதனால "கொலம்போ அங்க பண்ற காமெடி இருக்கே"ன்னு ஒரு ரைட்டருக்கு மார்க் போட்டா அது செல்லாது. நான் செய்யறது இதுதான்: சீனை ஒரு தடவை ஸ்க்ரீனைப் பாக்காம காதால மட்டும் கேப்பேன். முகம் இல்லாம, கேமரா இல்லாம, அப்பவும் சீன் நிக்குதுன்னா அது எழுத்து. "மர்டர் பை தி புக்"கை அப்படிக் கேட்டீங்கன்னா பாச்கோவோட பலம் பளிச்னு தெரியும், கொலைகாரனா வர்ற ஜாக் கேசிடி பேசற ஒவ்வொரு வரிலயும் சொந்தமா எழுத வராத ஒரு எழுத்தாளனோட கர்வமும் பயமும் ஒண்ணா ஓடிட்டே இருக்கும். ஆனா கடைசி பொறி? செத்துப் போன கூட்டாளி எழுத்தாளரோட பேப்பருங்களுக்கு நடுவுல அந்தக் கொலை ஐடியா எழுதி வச்சிருந்த குறிப்பு கிடைக்குது, அவ்வளவுதான், அவன் தானா ஒத்துக்கலேன்னா கேஸ் நிக்குமான்னே தெரியல. பாச்கோவுக்கு ஆளுங்க வரும், பொறி அவ்வளவா வராது, இது என் தீர்ப்பு.

பொறியை எப்படி எடை போடறதுன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா சண்டையே இங்கதான் நடக்கும். மூணு கேள்வி கேளுங்க. அந்த க்ளூ நம்ம கண்ணு முன்னாடி நேர்மையா வந்துச்சா? கொலைகாரனோட குணத்துல இருந்தே பொறி முளைச்சுதா, இல்ல எவன் மேல வேணா போடக்கூடிய பொறியா? அவன் வாயடைச்சுப் போறதுக்கு நியாயமான காரணம் இருக்கா?

1971ல கில்லிஸ் எழுதுன "சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்"கை எடுத்துக்கோங்க. கலை விமர்சகன் ஒருத்தன் மாமாவைக் கொன்னுட்டு, திருடுன, டெகாங்கற ஓவியரோட படங்களை மாமாவோட முன்னாள் மனைவி வீட்டுல வச்சு அந்தம்மாவை மாட்டி விடுவான். நடுவுல ஒரு சீன்ல அவன் வீட்டுக்குள்ள படப் பையோட வரும்போது கொலம்போ ஆர்வமா கையை உள்ள விட்டு பாக்கப் போவாரு, அவன் சட்டுனு பிடுங்கிக்குவான், ரெண்டு செகண்ட்தான், நாமளும் மறந்துடுவோம். கடைசில படங்க மேல கைரேகை இருக்கு, அது கொலம்போவோட ரேகை. "இப்பதான் தொட்டீங்க, இங்கயே தொட்டீங்க"ன்னு அவன் கத்துவான். கொலம்போ ஒண்ணும் பேசாம கோட் பாக்கெட்ல இருந்து ரெண்டு கையையும் மெதுவா வெளிய எடுப்பாரு. க்ளவுஸ் போட்டிருப்பாரு. அத்தோட எபிசோட் முடிஞ்சிடும், ஒரு வார்த்தை மேல கிடையாது. மூணு கேள்விக்கும் ஃபுல் மார்க்! நான் எத்தனை தடவை பாத்தாலும் அந்தக் கை வெளிய வர்றப்ப சேர்ல நிமிர்ந்து உக்காந்துடுவேன்.

இப்ப ஃபிஷர். இவரை எடை போட ஒரு எபிசோட் பத்தாது, மூணை அடுத்தடுத்து பாக்கணும், அப்பதான் ஒரு கையெழுத்து தெரியும். "எ ஃப்ரெண்ட் இன் டீட்"ல கொலைகாரன் கொலம்போவோட மேலதிகாரியேதான், அவன் திருடனை மாட்டி விட நகையை ஒரு ரூம்ல கொண்டு போய் வைப்பான், அது கொலம்போ தனக்குன்னு எடுத்த ரூம். "நெகட்டிவ் ரியாக்ஷன்"ல ஃபோட்டோகிராஃபர் தன்னைக் காப்பாத்திக்கற வேகத்துல ஷெல்ஃப்ல வரிசையா இருக்கற கேமராக்கள்ல சரியா அந்த ஒண்ணை மட்டும் கையில எடுப்பான், கொலைகாரனைத் தவிர எவனுக்கும் அது எதுன்னு தெரியாது. உடனே கொலம்போ சுத்தி நிக்கற போலீஸ்காரங்க ஒவ்வொருத்தரா பாத்து, இவர் இப்ப செஞ்சதுக்கு நீங்க சாட்சியான்னு கேப்பாரு, சிரிப்பு இல்ல, தலையாட்டல் இல்ல, அந்த எபிசோட்ல முதல் தடவையா குரல் இறுகிப் போயிருக்கும். "எ டெட்லி ஸ்டேட் ஆஃப் மைண்ட்"ல கொலை நடந்த இடத்துக்குப் பக்கத்துல இருந்த கண் தெரியாதவரோட கூடப் பிறந்தவரைக் கூட்டிட்டு வந்து சாட்சின்னு நிறுத்துவாரு, இவருக்குக் கண்ணு தெரியாதே, எப்படி சாட்சியாவாருன்னு கொலைகார டாக்டர் வாயை விடுவான். மூணுலயும் கொலம்போ எதையும் நிரூபிக்கல, அவனவன் கையாலயும் வாயாலயும் அவனே நிரூபிச்சுக்கறான். இதை ஒரு ஆளு ரெண்டே வருஷத்துக்குள்ள, 1974, 75ல, மூணு விதமா எழுதியிருக்காரு. என் ஓட்டு ஃபிஷருக்குத்தான், அதுக்குக் காரணம் இந்த வரிசைதான்.

ஆனா உங்க ஆளுக்கு ஓட்டு போடும்போது அவரோட மோசமான எபிசோடையும் சேத்து மேசைல வைங்க. கில்லிஸ்க்கு க்ளவுஸ் இருக்கு, சரி, அதே கில்லிஸ்தான் 1976ல "லாஸ்ட் சல்யூட் டு தி கொமடோர்" எழுதுனாரு, கொலைகாரன் யாருன்னு மறைச்சு வச்ச எபிசோட், அதுல ஃபால்க் நடந்துக்கற விதமே விசித்திரமா இருக்கும். அதை டைரக்ட் பண்ண பேட்ரிக் மெக்கூஹன் மேல பாதிப் பழியைப் போடலாம், நியாயம்தான். அதே கில்லிஸ் எழுதி 1990ல வந்த "மர்டர் இன் மாலிபு"வை யாரு மேல போடறது? ஃபிஷருக்கும் இது பொருந்தும். "ஆன் எக்சர்சைஸ் இன் ஃபேட்டாலிட்டி"ல கொலம்போ ஒரு பெரிய கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ப்ரின்டவுட்டுக்காகக் காத்துட்டு இருக்கற சீன் ஓடும் ஓடும் ஓடிட்டே இருக்கும். ரெண்டு மணி நேர ஸ்லாட்ட நிரப்பணுமேன்னு இழுத்த மாதிரி எனக்குத் தெரியும், சிலருக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அதே எபிசோட் முடிவுல செத்தவர் கால்ல இருக்கற ஷூ லேஸ் முடிச்சு இருக்கே! அவர் தானா கட்டிக்கல, எதிர்ல இருந்து வேற ஒருத்தர் கட்டி விட்டிருக்காங்கன்னு முடிச்சு விழுந்த திசையே சொல்லிடும். அவர் உடற்பயிற்சி ட்ரெஸ்ல இருந்தாருன்னு அதுக்கு முன்னாடியே கொலைகாரன் வாயாலயே சொல்லியாச்சு, ட்ரெஸ் மாத்தி விட்டவனைத் தவிர அது யாருக்குத் தெரியும்? ஸ்டோரி லாரி கோஹன், டெலிப்ளே ஃபிஷர். க்ளூவைத் தரமா குடுத்தது ஒருத்தர், அதை அவன் வாயாலயே மாட்ற மாதிரி கட்டுனது இன்னொருத்தர்னு நான் நினைக்கிறேன், இதுக்கு ஆதாரம் மேல சொன்ன ஃபிஷரோட அந்த மூணு எபிசோட்தான்.

லெவின்சன், லிங்கை என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அவங்க பேரு படைச்சவங்கன்னு எல்லா எபிசோட்லயும் இருக்கும், அதை வச்சு எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துட முடியாது. அவங்களே உக்காந்து எழுதுனதை மட்டும் எடுங்க, "டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்" போதும். 1972 எம்மில, அதான் அமெரிக்க டிவி விருதுல, டிராமா சீரிஸ் எழுத்துக்கான விருதை அதுக்குத்தான் குடுத்தாங்க. அந்த வருஷம் அதே பிரிவுல போட்டிக்கு நின்ன மத்த ரெண்டும் என்ன தெரியுமா, பாச்கோவோட "மர்டர் பை தி புக்"கும் கில்லிஸோட "சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்"கும். மூணுமே கொலம்போ. நாம இன்னிக்கு போடற சண்டையை அன்னிக்கே விருதுக் கமிட்டி போட்டிருக்கு.

அதனால ஆரம்பிக்கறவங்க அந்த மூணுல இருந்தே ஆரம்பிங்க. மூணு ராத்திரி, ஒரு நாளைக்கு ஒண்ணு, கையில பேப்பர். கொலம்போ முதல் தடவை ஸ்க்ரீன்ல வர்ற நேரத்தைக் குறிங்க, அவருக்கு சந்தேகம் எந்தச் சின்ன விஷயத்துல தட்டுச்சுன்னு குறிங்க, கடைசி பொறியை ஒரே வரில எழுதிப் பாருங்க, ஒரு வரில அடங்கலேன்னா ஏன் அடங்கலேன்னும் எழுதுங்க. நாலாவது ராத்திரி ஃபிஷரோட "நெகட்டிவ் ரியாக்ஷன்". அதுல கேமரா ஷெல்ஃப் வர்ற சீனை ரெண்டு தடவை பாருங்க, முதல் தடவை கொலைகாரன் கையை மட்டும், ரெண்டாவது தடவை கொலம்போ முகத்தை மட்டும். பாத்துட்டு வாங்க, பேசுவோம்.