அறுபது பேரில் நாலு பேர்: ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பையன்கள் செய்யும் தவறுகள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த ஒரு வாரத்தில் பையன்களுக்கு ஒன்று புரிந்துவிடும்: நம் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் யார் பெயரும் தெரியவில்லை. வகுப்பில் அறுபது பேர் என்றால் பையன்கள் நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். ஒருத்தர் வராவிட்டால் வருகைப் பதிவேட்டைத் திறக்காமலேயே ஆசிரியருக்குத் தெரியும். பின்னால் யாரோ சிரித்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான்.

இது ஏதோ ஒரு கல்லூரியின் விசேஷம் கிடையாது. உலக அளவில் மழலையர் பள்ளி ஆசிரியர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள், தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், பல்கலைக்கழகம் வரை ஏறிப்போனால் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. அதாவது பிள்ளைகளின் வயது கூடக் கூட ஆண் ஆசிரியர்களும் கூடுகிறார்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோசபெத் மாஸ் கேன்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1977-இல், ஆண்கள் நிறைந்த ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்த ஒருசில பெண்களைக் கவனித்து எழுதினார். ஒரு குழுவில் ஏதாவது ஒரு வகையினர் சுமார் 15 சதவீதத்துக்குள் இருந்தால் அவர்கள் என்ன செய்தாலும் கண்ணில் படும், தனி ஆளாக இல்லாமல் அந்த வகையின் பிரதிநிதியாகவே பார்க்கப்படுவார்கள், ஏற்கெனவே தயாராக இருக்கும் ஏதோ ஒரு வேடத்துக்குள் தள்ளப்படுவார்கள் என்றார். 1992-இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். நர்ஸ், தொடக்கப் பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் என்று பெண்கள் அதிகம் உள்ள வேலைகளில் இருக்கும் ஆண்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கும் கிண்டல், சந்தேகம் எல்லாம் உண்டு, ஆனால் வேலைக்குள்ளே அவர்களை யாரும் கீழே அழுத்துவதில்லை, மேலே தூக்கி விடுகிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் கண்ணாடி எஸ்கலேட்டர்.

ஆக, பையன்களுக்கு இங்கே இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது: எல்லார் கண்ணும் மேலே இருக்கும், அதோடு சலுகையும் கிடைக்கும். நான் பார்த்தவரை கண் பட்டுக் கெட்டுப்போனவர்கள் குறைவு. சலுகையில் கெட்டுப்போனவர்கள்தான் அதிகம்.

முதல் தவறு கடைசி பெஞ்ச். நாலு பேரும் ஒன்றாகப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாள் கூச்சத்தில் செய்வது சரி, வருஷம் முழுக்க அப்படியே இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்தப் படிப்பில் பாதி விஷயம் பாடமாக வராது, பேச்சோடு பேச்சாக வரும். எந்த ஆசிரியர் பாடக் குறிப்பில் எதைப் பார்ப்பார், ரெக்கார்ட் நோட்டை எந்த வரிசையில் கட்ட வேண்டும், நாம் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டிய பயிற்சிப் பள்ளிகளின் பட்டியல் எப்போது ஒட்டுவார்கள், இதெல்லாம் மதியம் டிபன் டப்பா திறக்கும்போது பேசிக்கொள்வது. நீங்கள் நாலு பேரும் உங்களுக்குள்ளேயே இருந்தால் நாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது. குழு வேலை கொடுக்கும்போதும் நாலு பையன்களும் ஒரே குழுவாகச் சேராதீர்கள். ஆளுக்கொரு குழுவில் போய் உட்காருங்கள்.

அடுத்தது நாற்காலி தூக்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு இது தவறு மாதிரியே தெரியாது. விழா வந்தால் மைக் செட், பேனர், புரொஜெக்டர், பெஞ்ச் நகர்த்துவது எல்லாம் பையன்கள் தலையில். சார்ட் எழுதுவது, அட்டை வெட்டுவது, கைப்பாவை செய்வது எல்லாம் பெண்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக அமைந்துவிடும். பையன்களுக்கும் இது சௌகரியம், உடம்பு வேலை செய்துவிட்டு நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம், பெருக்கல் வாய்ப்பாட்டைச் சுற்றி அழகாகப் பார்டர் போடும் வேலையிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம். போதாததற்கு, “தம்பிக்கு சார்ட்டு நான் போட்டுத் தர்றேன்” என்று ஒரு நல்ல மனசுக்காரி வந்துவிடுவார்.

வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த சார்ட்டோடு ஒரு பயிற்சியும் சேர்ந்து போகிறது. ஒரு பாடத்தை ஒரே ஒரு தாளில் அடக்க வேண்டும் என்றால் எதை விட வேண்டும், எதைப் பெரிதாக எழுத வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் கற்பித்தல். கரும்பலகையும் அப்படியே. எழுதத் தெரியாத ஆள் யார் என்று பார்க்கிறீர்களா? ஆனால் முதல் தடவை எழுதும்போதுதான் தெரியும், ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் நீட்டினால் வரி மேலே ஏறும், இல்லையென்றால் கீழே சரியும்; வார்த்தைக்கு வார்த்தை காலும் நகர வேண்டும். புது சாக்பீஸை முழு நீளத்தில் செங்குத்தாகப் பிடித்தால் கீச்சிடும், பாதியாக உடைத்துச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் போகும். முதுகை முழுசாகக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழக வேண்டும். எழுதி முடித்துவிட்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நம் எழுத்து நமக்கே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை வகுப்புப் பெண்கள் சாயங்காலம் காலி அறையில் நின்று பழகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேடைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தால், பயிற்சிப் பள்ளியில் முதல் நாளே அது பலகையில் தெரிந்துவிடும்.

தூக்கவே மாட்டேன் என்று நிற்கச் சொல்லவில்லை. தூக்குங்கள், கூடவே இரண்டு பெண்களையும் கூப்பிடுங்கள், பெஞ்ச் ஒன்றும் மலை இல்லை. அப்புறம் வந்து கத்திரிக்கோலைக் கையில் எடுங்கள். வகுப்புத் தலைவர் பதவியும் இதே ரகம்தான். கேட்காமலேயே பையனுக்குக் கொடுப்பார்கள். உங்களுக்கு அந்த வேலையில் ஆசை இருந்தால் எடுங்கள், ஆள் பார்த்துக் கொடுத்ததால் எடுக்காதீர்கள்.

நுண்ணிலைக் கற்பித்தல் வகுப்பில் நடப்பது இன்னும் மோசம். 1963-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய முறை இது: ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு திறன், கொஞ்சம் மாணவர்கள், முடிந்ததும் கருத்து, அதை வைத்துத் திருத்தி மறுபடி கற்பித்தல். மொத்த உயிரும் அந்தக் கருத்து சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது. இங்கே பையன் எழுந்து நின்றால் மாணவர்களாக நடிக்கும் தோழிகள் சிரிப்பை அடக்குவார்கள், இவரும் அதைப் பார்த்து இரண்டு ஜோக் அடிப்பார், வகுப்பு கலகலக்கும், கிளர் வினா கேட்டல், அதாவது மாணவர் சொன்ன விடையை வைத்து மேலும் தோண்டிக் கேட்பது, என்று பலகையில் எழுதிய திறன் அப்படியே கிடக்கும். கடைசியில் “நல்லா இருந்துச்சு, குரல் நல்லா கேட்டுச்சு.” அவ்வளவுதான் கருத்து. அடுத்து வரும் பெண்ணுக்கு மட்டும் வினாவுக்குப் பிறகு நேரம் கொடுக்கவில்லை, முன் பெஞ்சையே பார்த்தாய், விடை தப்பானதும் முகம் மாறிவிட்டது என்று வரிசையாக வரும். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய் மறு கற்பித்தலில் சரி செய்வார். மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழும் என்று நினைத்துப் பாருங்கள். கைதட்டு வாங்கின ஆள்தான் பின்தங்கியிருப்பார்.

அதனால் பாராட்டைக் கேட்டு உட்காராதீர்கள். “நான் கேட்டதில் எந்தக் கேள்வி மோசம்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். சொன்ன பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

அபிநயப் பாட்டு என்றதும் நழுவுகிறவர்கள் ஒரு கூட்டம். கையை விரித்து யானை மாதிரி நடக்க வெட்கம். இவர்களுக்காக ஒரு செய்தி: மழலையர் கல்விக்கு அடித்தளம் போட்ட கிண்டர்கார்டனை 1837-இல் தொடங்கியவர் ஃப்ரோபல் என்ற ஜெர்மானியக் கல்வியாளர், ஒரு ஆண். பாட்டும் விரல் விளையாட்டும் பந்தும் மரக்கட்டையும் அவர் முறையின் மையம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1839-இல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை லெக்சிங்டனில் திறந்தபோது அது பெண்களுக்கு மட்டும். பெண்களுக்குச் சம்பளம் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதும் பிற்பாடு அங்கே பள்ளிகள் பெண்களால் நிரம்பியதற்கு ஒரு பெரிய காரணம். இது இயற்கையாக அமைந்த பெண்கள் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குரலுக்கு வருவோம். ஆண் குரல் கனமாக இருப்பதால் வகுப்பை அடக்குவது சுலபம் என்று பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் சொல்வார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். இரண்டாம் நாளே, அடங்காத பையன்களை எல்லாம் உங்கள் பக்கம் அனுப்புவார்கள். “சார் கிட்ட சொல்லிடுவேன்” என்று பக்கத்து வகுப்பில் உங்கள் பெயரை வைத்து மிரட்டுவார்கள். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அதட்டியே அமைதி வாங்கிப் பழகியவருக்கு வேறு எந்த வழியும் கைக்கு வராது. பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது, பேசுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பது, பெயரைச் சொல்லி ஒரு எளிய கேள்வி கேட்பது, வேலையை மாற்றிக் கொடுப்பது என்று மற்றவர்கள் நாலு வழி பழகிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குத் தொண்டைதான் கட்டும். சின்னப் பிள்ளைகள் பயந்து போய்ப் பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஏமாற்றம். யாராவது அடங்காத பிள்ளையை அனுப்பினால், “என்ன ஆச்சு என்று நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன், நானும் கூட நிற்கிறேன்” என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம்.

வகுப்பு விவாதத்தில் “ஆண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?” என்று ஆசிரியர் உங்களைப் பார்த்துக் கேட்பார். “ஆண்கள் சார்பாகத் தெரியாது, என் கருத்து இது” என்று சொல்லிவிட்டு நாலு வாக்கியத்தில் முடியுங்கள். நீளமாகப் பேசினால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், அதுதான் ஆபத்து.

காதல் விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன், சிலர் அதை எதிர்பார்த்தே உள்ளே வருகிறார்கள். நோட்டு கேட்டால் வகுப்புப் பெண்கள் கொடுக்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், உடனே இவர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். உங்களிடம் பேசுகிற மாதிரிதான் அவர் எல்லாரிடமும் பேசுகிறார், நீங்கள்தான் மற்றவர்களிடம் பேசுவதைக் கவனிப்பதில்லை. ஒருத்தரிடம் வழிந்தது மதியத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரியும், அதோடு மற்ற பையன்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும். அதற்காக, வம்பு வரும் என்று பயந்து யாரிடமும் பேசாமல் இருப்பதும் தவறுதான். அப்புறம், விடுதி அறையில் உட்கார்ந்து “இந்தப் பொண்ணுங்க மார்க்குக்காகவே படிக்குதுங்க” என்று புலம்புவது. படிக்கத்தானே வந்தார்கள்?

கழிப்பறை, உடை மாற்றும் இடம், ஆண்கள் விடுதி எல்லாம் சில இடங்களில் கட்டடத்தின் கடைசி மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா. முதல் மாதமே எழுதிக் கொடுங்கள்.

முன்னால் சொன்ன கணக்கு இங்கே தேவைப்படுகிறது. “நீங்க எதுக்கு சின்ன வகுப்பு, மேல் வகுப்பு எடுங்க, சீக்கிரம் தலைமை ஆசிரியர் ஆகிடுவீங்க” என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். கண்ணாடி எஸ்கலேட்டர் என்பது இதுதான், யாரும் தள்ளுகிற மாதிரியே இருக்காது, நின்ற இடத்திலேயே மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். மேல் வகுப்பு பிடித்தால் போங்கள். ஆனால் எழுத்து கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் உங்களுக்கு நிஜமாகவே ருசி இருக்கிறது என்றால், அதை யாரோ சொன்ன பேச்சுக்காக விட்டுவிடுவது முட்டாள்தனம். இந்தப் படிப்பை ‘வேறு எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது, அவர்கள் ஏற்கெனவே பாதி வெளியே நிற்கிறார்கள்.

கடைசியாக, பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்வது என்பது. தொடக்கப் பள்ளியில் அழுதுகொண்டு ஒரு குழந்தை உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். பெண் ஆசிரியர் தூக்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், உங்களைப் பார்ப்பார்கள். இது நியாயமில்லை என்று கோபம் வரலாம். அந்தக் கோபத்தில் விறைப்பாகி, அழுகிற குழந்தையை விட்டு இரண்டடி தள்ளி நிற்பவர்களும் உண்டு, எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். பயிற்சிப் பள்ளிக்குப் போன முதல் நாளே வழிகாட்டி ஆசிரியரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: குழந்தை விழுந்தால், அழுதால், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் இங்கே என்ன நடைமுறை, யாரைக் கூப்பிட வேண்டும்? குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பேசினாலே பெரும்பாலும் அழுகை நிற்கும். தனியாக ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் கதவைத் திறந்து வைத்து, நடமாட்டம் உள்ள இடத்தில் உட்காருங்கள். மாணவர்களுக்குத் தனிப்பட்ட எண் கொடுப்பது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது இரண்டும் ஆண், பெண் எல்லாருக்குமே கூடாது. பள்ளியில் எழுத்தில் விதிமுறை இருந்தால் ஒரு நகல் வாங்கி ரெக்கார்ட் நோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.