ஊர்ப் பெயரைப் பதிவது: ராமநாதபுரம் கடற்கரைக்கு

ஒரு பெயருக்கு ஒரு தாள். முதலில் ஊர்க்காரர் உச்சரிப்பை ஒலிப்பதிவு செய்யுங்கள். பெயர்ப்பலகையைக் காட்டிக் கேட்காதீர்கள், பலகையையே படித்துவிடுவார்கள். மீனவர், உப்பளத் தொழிலாளி, விவசாயி மூவரையும் தனித்தனியே கேளுங்கள். கரைக்கு மீனவர் வைத்த பெயர் வேறாக இருக்கலாம்.

அடுத்து எழுத்து வடிவம்: கிராம அ-பதிவேடு (நில விவரங்கள் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு), பழைய பத்திரம், 1:50,000 நில அளவை வரைபடம். கண்டதை ஆண்டோடு, பிழையோடு, திருத்தாமல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் ல, ள இரண்டும் ஒன்றாகிவிடும். ழகரமும் பல நேரம் அதில் கரைந்துபோகும். அந்த எழுத்தை நம்பித் தமிழுக்குத் திரும்பினால் கீழக்கரை 'கிலக்கரை' ஆகும்.

பொருளுக்குப் பின்னொட்டைப் பாருங்கள்: 'ஏந்தல்' நீர்நிலை, 'வலசை' இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு. இந்தக் கரையில் பல ஊர்ப் பெயர்களுக்கு ராமர் கதையை விளக்கமாகச் சொல்வார்கள். அவ்விளக்கங்களை 'வாய்மொழிக் கதை' என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள், தள்ளிவிட வேண்டாம்.