கண்டாங்கிக்கு நீர்த்த கஞ்சி: ஸ்டார்ச்சை அமிலத்தால் அளவாக வெட்டுவது

அரக்கு நிறக் கண்டாங்கிப் பருத்திச் சேலைக்குக் கெட்டிக் கஞ்சி போட்டால் வெள்ளைத் திட்டு விழும் என்பது காரைக்குடியில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் மூலக்கூறு எடை அதிகமாக இருந்தால் கஞ்சி நூலுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து உதிரும். சங்கிலியை வெட்டிவிட்டால் அதே மாவைக் காய்ச்சும்போது கஞ்சி நீர்த்து வரும்.

150 மில்லி தண்ணீரில் 35 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 6 மில்லி ஊற்றுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை விடவேண்டும், மாற்றி அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழிவறை அமிலம் வேண்டாம். அதிலுள்ள இரும்பு துணியில் கறையாகும். எவர்சில்வரும் ஆகாது, கண்ணாடிப் புட்டிதான் சரி. இதில் 100 கிராம் மரவள்ளி ஸ்டார்ச்சைக் கரையுங்கள்.

புட்டியை 50 டிகிரி வெந்நீர் நிறைந்த ஹாட்பாக்ஸில் வைத்து, அவ்வப்போது கலக்குங்கள். சூடு 60-ஐ நெருங்கினால் மாவு வெந்து கூழாகிவிடும், பிறகு கழுவ முடியாது.

எப்போது நிறுத்துவது? பார்வைக்கு மாவு மாறவே மாறாது. அமிலம் ஸ்டார்ச்சின் நுண்ணிய துகளுக்குள் தளர்ந்த பகுதிகளில் புகுந்து வெட்டும். துகள் முழுசாகவே இருக்கும். ஆகவே முதல் தடவையைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, சலவைச் சோடாக் கரைசலில் விட்டு, கழுவிக் காயவையுங்கள். ஒவ்வொன்றிலும் 5 கிராமை 100 மில்லி நீரில் நன்றாகக் காய்ச்சி, ஒரே சூட்டில், ஒரே புனலில் ஊற்றி, வடியும் நேரத்தைக் குறியுங்கள். சூடு மாறினால் கணக்கே பொய். அமிலம் படாத மாவையும் இப்படியே அளக்கவேண்டும். அதன் நேரத்தில் பாதியாகும் இடம் கண்டாங்கிக்குப் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் வெட்டினால் விறைப்பு போய்விடும்.

அடுத்த தடவை அத்தனை மணி நேரம் ஆனதும் சலவைச் சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நிறுத்துங்கள். நுரை பொங்கும், பெரிய பாத்திரம் வையுங்கள். பிஹெச் தாள் 6 காட்டவேண்டும். மீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இந்த இடத்தில் மட்டும் சோம்பல் கூடாது: பருத்தியும் குளுக்கோஸ் சங்கிலிதான். மிச்ச அமிலம் இஸ்திரிச் சூட்டில் சேலையையே வெட்டும். தெளியவிட்டு இறுத்து, மூன்று முறை கழுவி உலர்த்துங்கள்.

பின்சேர்க்கை: சோறு வடித்த கஞ்சியில் செய்யலாமா என்று பலர் கேட்டார்கள். அது ஏற்கெனவே வெந்தது. அடியில் படியாது, அமிலமும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் உப்பைக் கழுவி எடுக்க வழியில்லை.